அயர்லாந்தில் கவிதையை யார் படிக்கிறார்கள்?

2020 மார்ச் மாதக் கடைசி. கொரோனா பரவிக்கொண்டிருந்தது. எல்லோரும் வீட்டிலேயே இருங்கள் என்று அயர்லாந்து அரசு சொல்லிவிட்டது, தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. அந்த நாட்களில் ஒருநாள், அந்நாட்டின் பொது ஒளிபரப்பு நிறுவனமான ஆர்டிஈ, தொற்று எண்ணிக்கைகளையும் புதுக் கட்டுப்பாடுகளையும் சொல்லி முடித்த கையோடு, தன் தொலைக்காட்சிச் செய்தியை ஒரு கவிதையோடு முடித்தது. வாசித்தது அதை எழுதிய டெரெக் மாஹனேதான். தலைப்பு 'எல்லாம் சரியாகிவிடும்'. ஏறத்தாழ நாற்பது வருடம் முன்னால் எழுதியது, தொற்றுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஒரு மனிதன் படுத்தபடியே ஜன்னலுக்கு அப்பால் மேகம் விலகுவதையும், பொங்கிய கடலின் வெளிச்சம் அறையின் கூரையில் ஆடுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறான், அவ்வளவுதான். ஆனால் கேட்டவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். அதே வருடம் அக்டோபர் 1 அன்று மாஹன் இறந்தபோது, அவர் கவிதை எதையும் அதுவரை படித்திராதவர்களுக்குக்கூட அந்த ஒன்றைத் தெரிந்திருந்தது.

அந்தக் கவிதையின் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. சாவுகள் இருக்கும், சாவுகள் இருக்கும் என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு, அதற்குள் இப்போது போக வேண்டியதில்லை என்று நகர்ந்துவிடும். தலைப்பை மட்டும் படித்தால் ஆறுதல் அட்டையில் அச்சடிக்கிற வாசகம் மாதிரி இருக்கும். இந்த வரியோடு சேர்த்துப் படித்தால்தான் சொல்கிறவர் எதையும் மறைக்கவில்லை என்று தெரியும். அதனால்தான், தினமும் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் அந்தக் கவிதையால் தலைநிமிர்ந்து நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன்.

சரி, செய்தியைக் கவிதையில் முடிக்கலாம், முடித்தால் மக்கள் கேட்பார்கள் என்ற நம்பிக்கை ஒரு தொலைக்காட்சிக்கு எங்கிருந்து வருகிறது? இதற்குப் பலரும் சொல்லும் பதில், ஐரிஷ்காரர்கள் பிறவியிலேயே கவித்துவமானவர்கள் என்பது. எனக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. புதிதாக வரும் ஒரு கவிதைத் தொகுப்பு அங்கேயும் பெரும்பாலும் சில நூறு பேரைத்தான் போய்ச் சேர்கிறது, மற்ற நாடுகளைப் போலவே. ஆனால் அந்தச் சில நூறு பேருக்கு வெளியே இன்னொரு பெரிய கூட்டம் இருக்கிறது. புத்தகம் வாங்காத, கவிதை வாசகர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளாத, ஆனால் நான்கைந்து கவிதைகளைச் சொந்த சொத்தாக வைத்திருக்கிற கூட்டம். ஐரிஷ் கவிதையைப் புரிந்துகொள்ள நினைக்கிறவர்கள் கவிஞர்களை விட்டுவிட்டு முதலில் இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். இது தானாக உருவாகவில்லை. பள்ளிக்கூடம், வானொலி, செய்தித்தாள், சாவு வீடு என்று நான்கு பக்கமிருந்தும் சேர்ந்து உருவாக்கியது.

அயர்லாந்தின் புகழ்பெற்ற கவிஞர் ஷேமஸ் ஹீனி இறந்த நாட்களில் இந்தக் கூட்டம் கண்ணுக்குத் தெரிந்தது. 2013 ஆகஸ்ட் 30, வெள்ளிக்கிழமை, அவர் டப்ளினில் இறந்தார். ஞாயிற்றுக்கிழமை க்ரோக் பார்க் மைதானத்தில் டப்ளினுக்கும் கெரிக்கும் கேலிக் கால்பந்து அரையிறுதி. ஆட்டத்துக்கு முன் அவர் பெயரைச் சொன்னதும் 80,000 பேருக்கு மேல் எழுந்து நின்று கைதட்டினார்கள். விளையாட்டு பார்க்க வந்த கூட்டம் அது. சாவதற்குச் சற்று முன் அவர் மனைவிக்கு அனுப்பிய குறுஞ்செய்தி லத்தீனில் இரண்டே சொல், 'பயப்படாதே' என்று பொருள். இறுதிச் சடங்கில் மகன் இதைச் சொன்னார், சில நாட்களிலேயே டப்ளினில் ஒரு கட்டடத்தின் சுவரில் அந்த வாசகம் ஆளுயரத்துக்கும் மேலே ஏறிவிட்டது.

அப்புறம் 2015இல் ஆர்டிஈ, கடந்த நூறு ஆண்டின் ஐரிஷ் கவிதைகளில் உங்களுக்குப் பிடித்தது எது என்று மக்களிடம் கேட்டது. இறுதிப் பட்டியலில், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சியைப் பற்றி யேட்ஸ் எழுதிய கவிதையும் இருந்தது. தேசம் பிறந்த கதையைச் சொல்லும் கவிதை என்று வைத்துக்கொள்ளலாம், அதுதான் ஜெயிக்கும் என்று யாரும் நினைத்திருப்பார்கள். மக்கள் தேர்ந்தெடுத்தது ஹீனி தன் அம்மாவைப் பற்றி எழுதிய பதினான்கு வரிக் கவிதையை. வீட்டில் மற்ற எல்லோரும் தேவாலயத்துப் பூசைக்குப் போயிருக்கிறார்கள். அம்மாவும் மகனும் மட்டும் உட்கார்ந்து உருளைக்கிழங்கு தோல் சீவுகிறார்கள். பேச்சு இல்லை. உரித்த கிழங்கு ஒவ்வொன்றாக வாளித் தண்ணீருக்குள் விழும்போது தெறிக்கிற சின்னச் சத்தம்தான் இரண்டு பேருக்கும் நடுவே. பிறகு சட்டென்று பல வருடம் தாண்டி அம்மாவின் மரணப் படுக்கை. பாதிரியார் சத்தமாக ஜெபிக்கிறார், சுற்றி நிற்பவர்கள் சிலர் பதில் சொல்கிறார்கள், சிலர் அழுகிறார்கள். மகனுக்கு நினைவு வருவதோ அன்றைக்குத் தன் தலைப்பக்கம் குனிந்திருந்த அம்மாவின் தலையும் நனைந்த கத்திகளும்தான். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் அவ்வளவு நெருக்கமாக இருந்ததே இல்லை என்று முடிகிறது.

கவனித்துப் பார்த்தால், பூசைக்குப் போகாமல் வீட்டில் தங்கிவிட்ட அந்த இருவரின் வேலைதான் கவிதையில் பூசை ஆகிவிடுகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் பிடி தளர்ந்துகொண்டிருந்த ஒரு நாடு, தன் நூற்றாண்டின் கவிதையாக இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சாவு வீடுகளில் வாசிக்கவும் இது பொருந்துகிறது. தேவாலயச் சடங்கு வேண்டாம் என்கிறவர்களுக்கும் அந்த நேரத்தில் ஏதோ ஒரு சொல் வேண்டியிருக்கிறது.

ஆனால் ஒரு கவிதை சாவு வீட்டில் நினைவுக்கு வர வேண்டுமென்றால் அதற்கு முன்பே மண்டைக்குள் போயிருக்க வேண்டும். அங்கேதான் பள்ளிக்கூடம் வருகிறது. லீவிங் சர்ட் என்று அழைக்கப்படும் பள்ளி இறுதித் தேர்வில், உயர்நிலை ஆங்கிலப் பாடத்துக்கு எட்டுக் கவிஞர்களைப் பாடமாக வைப்பார்கள். வினாத்தாளில் வழக்கமாக அதில் நான்கு பேர் வருவார்கள், மாணவர் ஒருவரைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். ஆகவே ஜூன் மாதம் வந்தால் இந்த வருடம் யார் வருவார், யார் வரமாட்டார் என்ற ஊகம் நாடு முழுக்க நடக்கும். பதினேழு வயதுப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர், ஆசிரியர்கள், பத்திரிகைகள், எல்லோரும் கவிஞர்களின் பெயரை வைத்துக் கணக்குப் போடுவார்கள். எதிர்பார்த்தவர் வரவில்லை என்றால் அன்றைக்குச் சாயங்காலச் செய்தியில் அது வரும். மதிப்பெண்ணுக்காகப் படிக்கிறார்கள், உண்மைதான். ஆனாலும் ஒரு நாட்டில் ஒரு வயதினர் எல்லோரும் ஒரே வருடத்தில் அதே சில கவிதைகளைத் திரும்பத் திரும்ப வாசிப்பது சாதாரண விஷயமில்லை, இருபது வருடம் கழித்து ஒரு திருமண வீட்டில் முன்பின் தெரியாத இரண்டு பேர் ஒருவர் தொடங்கிய வரியை இன்னொருவர் முடித்து வைக்க அதுதான் வழி செய்கிறது.

இதற்கு நல்ல சாட்சி 'சவுண்டிங்ஸ்' என்ற பாடநூல். அகஸ்டின் மார்ட்டின் தொகுத்து 1969இல் வந்தது. தற்காலிக ஏற்பாடு என்று சொல்லித்தான் கொண்டுவந்தார்கள், கால் நூற்றாண்டுக்கு மேல் அதுவே ஓடியது. பிறகு பாடத்திட்டம் மாறி, புத்தகம் மறைந்துபோனது. 2010இல் அதை அப்படியே மறுபதிப்புச் செய்தார்கள், நடுத்தர வயதுக்காரர்கள் தேடித்தேடி வாங்கி விற்பனைப் பட்டியலில் ஏற்றிவிட்டார்கள். பழைய பள்ளிப் பாடநூலைக் காசு கொடுத்து மறுபடி வாங்குவது எந்த ஊரில் நடக்கும்? படித்த காலத்தில் ஓரங்களில் பேனாவால் கிறுக்கி வைத்த, நண்பர்கள் பெயரை எழுதி வைத்த புத்தகம். அந்தக் கிறுக்கலோடு சேர்த்துத்தான் யேட்ஸும் காவனாவும் அவர்கள் நினைவில் இருந்தார்கள்.

அதே புத்தகத்தை இன்னொரு பக்கமிருந்தும் பார்க்க வேண்டும். அதில் சாசர் தொடங்கி ஷேக்ஸ்பியர், ஜான் டன், யேட்ஸ் வழியாக வரும் வரிசையில் பெண் ஒரே ஒருவர், எமிலி டிக்கின்சன். ஐரிஷ் பெண் ஒருவர்கூட இல்லை. இரண்டு மூன்று தலைமுறை வாசகர்கள், ஐரிஷ் கவிதை என்றால் ஆண் எழுதுவது என்று கற்றுக்கொண்டுதான் பள்ளியை விட்டு வெளியே வந்தார்கள். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை, புத்தகமே சொல்லிக் கொடுத்தது.

ஈவன் போலண்ட் எழுத வந்தது இந்தச் சூழலுக்குள். 1944இல் டப்ளினில் பிறந்தவர். தான் எழுதத் தொடங்கிய அயர்லாந்தில் 'பெண்' என்ற சொல்லும் 'கவிஞர்' என்ற சொல்லும் காந்தத்தின் ஒரே முனைகள் மாதிரி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டிருந்தன என்ற பொருளில் அவர் பேசியிருக்கிறார். டன்ட்ரம் என்ற டப்ளின் புறநகரில் குழந்தைகளோடு குடியிருந்துகொண்டு, விடியற்காலையில் குழந்தைக்குப் பால் கொடுப்பதை, வாஷிங் மெஷினை, பக்கத்து வீட்டுத் தோட்டத்தை எழுதினார். இதெல்லாம் கவிதைக்கான பொருளா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அவர் எழுதியதோடு நிற்கவில்லை, 1980களில் பெண்களுக்காக எழுத்துப் பட்டறைகள் நடத்தினார். கால்வேயில் 1981இல் தொடங்கிய சால்மன் பதிப்பகம் ரீட்டா ஆன் ஹிக்கின்ஸ் மாதிரியானவர்களை வெளியிட்டது. வாசகர்களாக மட்டும் இருந்த பெண்கள் எழுதுகிறவர்களாக மாறிய காலம் அது.

போலண்டின் 'குவாரண்டைன்' கவிதையும் 2015 தேர்வின் இறுதிப் பட்டியலில் இருந்தது, மாணவர்களும் படிக்கிறார்கள். 1847, பெரும் பஞ்சத்தின் உச்சம். ஒரு கணவனும் மனைவியும் ஏழைகள் விடுதியிலிருந்து கிளம்பி வடக்கு நோக்கி நடக்கிறார்கள். அவளுக்குப் பஞ்சக் காய்ச்சல், நடக்க முடியவில்லை, அவளை முதுகில் தூக்கிக்கொண்டு நடக்கிறான். காலையில் இருவரும் விறைத்துச் செத்துக் கிடக்கிறார்கள். அவள் பாதங்கள் அவன் மார்போடு ஒட்டி இருக்கின்றன. தன் உடம்பில் மிச்சமிருந்த கடைசிச் சூட்டை அவள் பாதங்களுக்குக் கொடுத்திருக்கிறான். காதல் கவிதைகளின் இனிப்பான பேச்சு எதுவும் இந்த வாசலுக்கு வரவேண்டாம் என்கிறார் போலண்ட். பஞ்சத்தைப் பற்றிப் பாடநூல்களில் எண்களாகப் படித்திருந்த நாடு, ஒரு ஜோடிப் பாதங்களாக அதைத் தெரிந்துகொண்டது.

ஆனாலும் தொகுப்புகளின் வாசலில் நிலைமை எளிதில் மாறவில்லை. 1991இல் ஃபீல்ட் டே அமைப்பு ஐரிஷ் எழுத்து முழுவதையும் மூன்று பிரமாண்ட தொகுதிகளில் கொண்டுவந்தது, பொதுத்தொகுப்பாசிரியர் ஷேமஸ் டீன். பெண்கள் எங்கே என்று பெரிய சண்டை வந்து, பதினோரு வருடம் கழித்து, 2002இல், பெண்களின் எழுத்துக்கென்றே நான்காவது ஐந்தாவது தொகுதிகள் வந்தன. அதோடு முடிந்தது என்று நினைத்தால், 2017இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட ஐரிஷ் கவிஞர்கள் பற்றிய கையேட்டில் முப்பது பேரில் நான்கு பேர்தான் பெண்கள். அதை எதிர்த்துப் பெண் கவிஞர்களும் ஆய்வாளர்களும் 'ஃபயர்டு!' என்ற பெயரில் ஒன்று சேர்ந்தார்கள், பெண்களுக்கு நியாயமான இடம் இல்லாத தொகுப்புகளிலும் நிகழ்ச்சிகளிலும் பங்கேற்க மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். இதை இடஒதுக்கீட்டுச் சண்டை என்று சுருக்கிப் பேசுகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். தொகுப்பில் இருப்பதுதான் பாடத்திட்டத்துக்குப் போகிறது, பாடத்திட்டத்தில் இருப்பதுதான் சாவு வீட்டுக்கு வருகிறது. வாசலில் நிறுத்தப்பட்டவர் உள்ளே எங்கேயும் வந்து சேர்வதில்லை.

அந்த வாசலைத் தாண்டி வந்த ஒரு கவிதையைச் சொல்ல வேண்டும். 1984 ஜனவரி 31. லாங்ஃபர்ட் மாவட்டத்தில் கிரானார்ட் என்ற சிற்றூரில், 15 வயதுப் பள்ளி மாணவி ஒருத்தி, மழையும் குளிருமான நாளில் மாதா சிலை நிற்கும் குகைக் கெபிக்குப் போய், யாருக்கும் தெரியாமல் குழந்தை பெற்றாள். குழந்தை இறந்தது. அவளும் அன்றே இறந்தாள். ஊர் வாயை மூடிக்கொண்டது. ஆனால் கே பர்ன் என்ற வானொலி அறிவிப்பாளரின் நிகழ்ச்சிக்கு நாடெங்கும் இருந்து கடிதங்கள் வந்து குவிந்தன, எனக்கும் இப்படி நடந்தது, நானும் இதை யாரிடமும் சொல்லவில்லை என்று பெண்கள் எழுதினார்கள். அவற்றை வரிசையாக வானொலியில் வாசித்தார்கள். பல வருடங்களாக அடைத்து வைத்திருந்தது ஒரே நாளில் எல்லா வீட்டுச் சமையலறையிலும் கேட்டது.

பவுலா மீஹன் அதை 1991இல் வந்த தன் தொகுப்பில் கவிதையாக்கினார். பேசுவது அந்தக் கெபியில் நிற்கும் மாதா சிலை. குளிர், காற்று, ஊர்வலங்கள், ஜெபமாலைகள் என்று தொடங்கும் சிலையின் பேச்சு மெல்ல மெல்ல அந்த நாளுக்கு வந்து சேர்கிறது. அவள் என்னைக் கூப்பிட்டாள், நான் அசையவில்லை, ஒரு விரலைக்கூட உயர்த்தவில்லை என்று மாதாவே ஒப்புக்கொள்கிறாள். குற்றம் சாட்டும் கவிதை எழுதுவது சுலபமாக இருந்திருக்கும். மீஹன் வாக்குமூலத்தைச் சிலையின் வாயில் வைத்துவிட்டார், அதனால் படிக்கிற ஒவ்வொருவரும் அசையாமல் நின்ற அந்தச் சிலையின் இடத்தில் போய் நிற்க நேர்கிறது. இதுவும் 2015 இறுதிப் பட்டியலில் இருந்தது. கடிதம் எழுதிய பெண்கள் முதலில், கவிதை பிறகு. வாசகர்கள் முதலில் பேசி, கவிதை அவர்களுக்குப் பின்னால் வந்த இடம் இது.

அதே லாங்ஃபர்ட் மாவட்டத்தில், நைஜீரியாவிலிருந்து குழந்தையாக வந்து வளர்ந்தவர் ஃபெலிஸ்பீக்ஸ் என்ற பெயரில் மேடையில் கவிதை சொல்லும் ஃபெலிசியா ஒலுசன்யா. தாய்மார்களைப் பற்றிய அவருடைய கவிதை ஒன்று லீவிங் சர்ட் பாடமாகச் சேர்க்கப்பட்டது. 2019இல் டெடலஸ் பதிப்பகம், வெளிநாடுகளிலிருந்து வந்து அயர்லாந்தில் எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு தொகுப்பும் கொண்டுவந்தது. வகுப்பறையில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் முகங்கள் மாறிவிட்டன, பாடப் பட்டியல் மெதுவாக அதன் பின்னால் வருகிறது.

காசு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர்கள், கலைஞர்களின் படைப்பு வருமானத்துக்கு 1969 முதல் வரிவிலக்கு உண்டு, இப்போது அதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. 1981இல் ஏற்படுத்திய ஈஸ்டானா என்ற கலைஞர் அவை, தேவைப்படும் உறுப்பினர்களுக்கு உதவித்தொகை தருகிறது. 2022இல் 2,000 கலைஞர்களுக்கு வாரம் 325 யூரோ அடிப்படை வருமானம் தரும் சோதனைத் திட்டம் தொடங்கியது. பீட்டர் ஃபாலன் 1970இல் தொடங்கிய, மீத் மாவட்டத்தில் ஒரு கிராமப்புறத்திலிருந்து இயங்கும் கேலரி பதிப்பகம் மாதிரியான சின்ன அமைப்புகள் அரசின் கலைக் கவுன்சில் மானியத்தோடுதான் நிற்கின்றன. பெரிய கூட்டம் நான்கைந்து கவிதைகளை நினைவில் வைத்திருக்கிறது என்றால், அதற்கு அடியில் ஆயிரக்கணக்கான கவிதைகள் விற்பனையைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதப்பட்டு அச்சாக வேண்டியிருக்கிறது.

கடல் தாண்டிய வாசகர்களும் உண்டு. ஹீனியின் புத்தகங்களை வெளியிட்டது லண்டனில் இருக்கும் ஃபேபர். 1982இல் பெங்குவின் அவரைப் 'பிரிட்டிஷ்' கவிஞர்கள் தொகுப்பில் சேர்த்தபோது, தன் பாஸ்போர்ட் பச்சை நிறம், அதாவது அயர்லாந்துடையது என்று கவிதையிலேயே மறுப்பு எழுதினார். அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1970களின் நடுவிலிருந்து ஐரிஷ் கவிதைக்கென்றே இயங்குகிறது. அமெரிக்க அதிபர்கள் பில் கிளின்டனும் ஜோ பைடனும் மேடைகளில் சொல்லிச் சொல்லி, நம்பிக்கையும் வரலாறும் எதுகை சேரும் என்ற ஹீனியின் வரி உலகம் முழுக்கப் போய்விட்டது. அந்த வரிக்குச் சற்று முன்னால், கல்லறைக்கு இந்தப் பக்கம் நம்பிக்கை வைக்காதே என்று வரலாறு சொல்கிறது என்றும் எழுதியிருக்கிறார். வாழ்த்து அட்டைகளில் அது இடம்பெறுவதில்லை. மாஹனின் கவிதைக்கு நடப்பதுதான் இதற்கும் நடக்கிறது, பெரிய கூட்டத்தின் கையில் சேரும்போது கவிதை தன் கசப்பான பாதியை வழியில் இழந்துவிடுகிறது. எனக்கு அதில் வருத்தம்தான்.

இனி ஐரிஷ் மொழிக்கு வரலாம், அங்கே வாசகர் பிரச்சினையே வேறு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களுக்கு ஐரிஷ் தெரியும் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர். கல்விக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் 71,968. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் ஐரிஷ் மொழிக் கவிஞர் நின்றுகொண்டு எழுத வேண்டும். 1970இல் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய 'இன்ட்டி' இதழ் வழியாக மைக்கேல் டேவிட், நுவாலா நீ கோனல், கேப்ரியல் ரோசன்ஸ்டாக் என்று ஒரு தலைமுறை வந்தது. கிராமத்து முதியவர்களின் மொழி என்று ஒதுக்கப்பட்டதில் நகரத்துக் காதலையும் ராக் இசையையும் எழுதினார்கள்.

நீ கோனலின் ஒரு கவிதை இந்த நிலைமைக்கே அடையாளமாகிவிட்டது. பைபிளில் குழந்தை மோசேயைக் கோரைக் கூடையில் வைத்துக் கீல் பூசி ஆற்றில் விட்டார்கள் அல்லவா, அதுபோல என் நம்பிக்கையை இந்த மொழி என்னும் சின்னப் படகில் வைத்து நாணலுக்கு நடுவே மிதக்க விடுகிறேன், எங்கே போய்ச் சேரும் என்று தெரியாது, ஒருவேளை பாரோ என்னும் எகிப்து அரசனின் மகள் ஒருத்தியின் மடியில் சேரலாம் என்கிறார். 1990இல் அவருடைய கவிதைகள் ஐரிஷ் ஒரு பக்கம், ஆங்கிலம் எதிர்ப்பக்கம் என்று புத்தகமாக வந்தபோது, பதின்மூன்று கவிஞர்கள் மொழிபெயர்த்திருந்தார்கள், இந்தக் கவிதையை ஆங்கிலத்தில் தந்தவர் பால் மல்டூன். படகு கரை சேர்ந்தது என்று சொல்லலாம். ஆனால் மோசேயை எடுத்து வளர்த்தது அவனுடைய மக்களை அடிமையாக வைத்திருந்த அரண்மனை. இதைத் தெரிந்தேதான் அவர் அந்த உவமையை எடுத்திருக்க வேண்டும், கவிதை அதை விளக்காமல் விட்டுவிடுகிறது.

இருமொழிப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் ஐரிஷ்காரர் என்ன செய்கிறார்? இடது பக்கத்தைக் கண்ணால் தடவுகிறார், பள்ளியில் படித்த ஒன்றிரண்டு சொற்களை அடையாளம் காண்கிறார், பிறகு வலது பக்கம் போய்ப் படிக்கிறார். பிடி ஜென்கின்சன் என்ற புனைபெயரில் எழுதுகிறவர் இதை ஏற்கவில்லை. வேறு எந்த மொழிக்கும் போகட்டும், அயர்லாந்துக்குள் ஆங்கிலத்தில் வேண்டாம் என்று நின்றார். எல்லாவற்றையும் சேதமில்லாமல் ஆங்கிலத்துக்குள் அறுவடை செய்து அடுக்கிவிடலாம் என்று நினைப்பவர்களுக்குத் தன் மறுப்பு ஒரு பதில் என்றார். நீ கோனல் வாசகரைத் தேடிப் போனார், ஜென்கின்சன் வாசகரே வரட்டும் என்று வாசலில் காத்திருந்தார். இரண்டுமே மொழியின் மேல் உள்ள அன்பில்தான். எனக்கு நீ கோனல் பக்கம்தான் மனம் போகிறது, ஆனால் ஜென்கின்சன் சொன்னதைப் படித்த பிறகு வலது பக்கத்தை அவ்வளவு நிம்மதியாகப் படிக்க முடியவில்லை.

இப்படிக் கைவிட்டுப்போன மொழியில் இருந்த ஒரு கவிதையை ஒரு வாசகி திரும்பக் கொண்டுவந்த கதையும் உண்டு. 1773 மே மாதம், கார்க் மாவட்டத்தில், ஆர்ட் ஓ லியரி என்பவரைச் சுட்டுக் கொன்றார்கள். கத்தோலிக்கர் ஐந்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள குதிரை வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் அப்போது இருந்தது, அவருடைய நல்ல குதிரையை ஒரு அதிகாரி ஐந்து பவுண்டுக்குக் கேட்க, இவர் மறுத்ததில் வந்த பகை. குதிரை ஆளில்லாமல் வீடு திரும்பியது. மனைவி ஐலீன் டுவ், வயிற்றில் குழந்தையோடு, அதே குதிரையில் ஏறி அவர் கிடந்த இடத்துக்குப் போய், வழிந்த இரத்தத்தைக் கையால் அள்ளிக் குடித்து ஒப்பாரி வைத்தார். அந்த ஒப்பாரி வாய்வழியாகவே வாழ்ந்து, பிற்பாடு ஒப்பாரி பாடும் பெண்ணொருத்தி சொல்லக் கேட்டு எழுதி எடுக்கப்பட்டது.

டிரின் நீ கிரீஃபா இதைப் பள்ளியில் படித்தார், பதின்வயதில் மறுபடி படித்தார், அப்புறம் கார்க் நகரத்தில் கைக்குழந்தைகளோடு திண்டாடிக்கொண்டிருந்த நாட்களில் மூன்றாம் முறை அதில் போய் விழுந்தார். மருத்துவமனைக் குழந்தைகளுக்காகத் தாய்ப்பால் வங்கிக்குப் பால் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அவர். கருவி ஓடும் சில நிமிடங்கள்தான் அவருக்கென்று கிடைத்த நேரம், ஒரு கையில் புட்டி, இன்னொரு கையில் கசங்கிய நகல் தாள்கள். ஐலீனைப் பற்றிய பதிவுகளைத் தேடிப் போனால், இன்னாரின் மனைவி, இன்னாரின் அத்தை என்று மட்டுமே எழுதியிருக்கிறது. அந்தத் தேடலையே உரைநடையாக எழுதி, கடைசியில் தன் மொழிபெயர்ப்பையும் சேர்த்து 2020இல் வெளியிட்டார். அவ்வருட ஐரிஷ் புத்தகப் பரிசு அதற்குக் கிடைத்தது. கவிதை விமரிசனம் என்று பெயர் வைக்க முடியாத புத்தகம், ஒருத்தி ஒரு கவிதையோடு எப்படிக் குடித்தனம் நடத்தினாள் என்று சொல்லும் புத்தகம்.

கடைசியாக, ஒரு கடிதம் மட்டும் எழுதிய ஒரு வாசகி. பெல்ஃபாஸ்ட் கவிஞர் மைக்கேல் லாங்லி 2025 ஜனவரியில் இறந்தபோது எல்லோரும் அவருடைய 'போர்நிறுத்தம்' கவிதையை நினைவுகூர்ந்தார்கள். வடக்கு அயர்லாந்தில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏ, 1994 ஆகஸ்ட் 31 அன்று போர்நிறுத்தம் அறிவித்தது, அந்தச் சனிக்கிழமையே, செப்டம்பர் 3, ஐரிஷ் டைம்ஸ் நாளிதழில் கவிதை வந்தது. ஹோமரின் இலியட் காவியத்தில் வரும் காட்சி அது: மகனைக் கொன்ற அக்கிலீஸின் கையை முத்தமிட மண்டியிடும் கிழவன், டிராய் அரசன் பிரியாம். அது எல்லோருக்கும் தெரிந்த கவிதை. நான் சொல்ல வருவது அதற்குச் சில வருடம் முந்திய, பத்து வரியே உள்ள இன்னொன்றை.

1988இல் பெல்ஃபாஸ்டின் லிஸ்பர்ன் சாலையில் ஒரு ஐஸ்கிரீம் கடையில் நின்றிருந்தவரை ஐஆர்ஏ சுட்டுக் கொன்றது. லாங்லி வீட்டுக்கு அருகில்தான். அவருடைய சின்ன மகள் தன் காசில் பூ வாங்கிக் கடை வாசலில் வைத்தாள். கவிதை அவளிடம் பேசுகிறது. ரம் ரெய்சின், வெனிலா, பட்டர்ஸ்காட்ச் என்று நீ கடகடவென்று சொல்வாயே, அது அவர்கள் ஐஸ்கிரீம்காரரைக் கொல்வதற்கு முன்னால் என்கிறார். பிறகு மேற்கே பர்ரன் சுண்ணாம்புப் பாறை நிலத்தில் ஒரே நாளில் தான் பார்த்த காட்டுப் பூக்களின் பெயர்களை அவளுக்கு வரிசையாகச் சொல்கிறார். வேறு ஒன்றும் இல்லை. கோபம் இல்லை, ஆறுதல் இல்லை, பெயர்கள் மட்டும், மூச்சு விடாமல் ஒன்றன்பின் ஒன்றாக, கவிதை முடிகிற வரைக்கும்.

கவிதை வெளிவந்த பிறகு லாங்லிக்கு ஒரு கடிதம் வந்தது. ஐஸ்கிரீம்காரரின் அம்மா என்று கையெழுத்துப் போட்டிருந்தது. மகனை நினைவில் வைத்து எழுதியதற்கு நன்றி சொல்லியிருந்தார். அவர் பூக்களை எண்ணிப் பார்த்திருக்கிறார், இருபத்தொன்று இருந்தன. கடையில் இருந்த ஐஸ்கிரீம் வகைகளும் இருபத்தொன்று. லாங்லி அதை எண்ணி எழுதவில்லை.